கல்யாணப் பத்திரிகையும் கஞ்சி போட்ட துணியும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தோல் அட்டை, தந்த நிறத் தாள், நடுவில் பட்டு நாடா. நோட்டு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வாங்கித் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. அவ்வளவு விலை கொடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் பென்சில் வைக்கவே கை வராது. வெள்ளையாகவே அலமாரியில் தூங்கும் அப்படிப்பட்ட நோட்டுகள் பல வீடுகளில் உண்டு. கிறுக்கினாலும் ஒட்டினாலும் ஊசியால் குத்தினாலும் தாங்குகிற நோட்டுதான் உனக்கு வேண்டும். வீட்டில் கிடக்கும் காகிதத்தையும் துணியையும் கலந்து அதை நீயே கட்டிவிடலாம்.

உன் அப்பாவைக் கேட்டுப் பார். ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களையெல்லாம் உருவி, சேர்த்துத் தைத்து, அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு கட்டுவோம். ஒரு பக்கம் நாலு கோடு, அடுத்த பக்கம் கட்டம், அதற்கடுத்தது கோடே இல்லாத தாள். நான் சொல்லப்போவதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், இதில் எந்தத் தாள் எங்கே உட்கார வேண்டும் என்பதை யோசித்து முடிவு செய்யப்போகிறாய். படம் வரைவதற்கு முன்பே நோட்டின் குணம் பாதி தீர்மானமாகிவிடுவது அங்கேதான்.

முதலில் ஒரு வாரம் சேர்த்துக்கொண்டே இரு. கல்யாணப் பத்திரிகை, பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் தாள், சார்ட், கிராஃப் தாள், பட்டர் பேப்பர், கிழித்த காலண்டர் தாள், ஜவுளிக்கடைக் காகிதப் பை. தெருமுனைத் தையல்கடையில் கேட்டால் வெட்டுத்துணி கை நிறையத் தருவார்கள். பருத்தியாகப் பார்த்து வாங்கு. பாலியஸ்டரில் பசையும் பிடிக்காது, கஞ்சியும் நிற்காது. கடையில் விற்கும் ஸ்டிக்கர்களை நான் சேர்க்கச் சொல்லமாட்டேன். யார் நோட்டில் ஒட்டினாலும் அவை ஒரே முகத்தோடுதான் இருக்கும். தாளை டீ டிக்காஷனில் நனைத்துப் பழசாகக் காட்டும் வித்தையும் வேண்டாம். பழசு வேண்டுமானால் வீட்டிலேயே நிஜமான பழசு நிறைய இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பஸ் கண்டக்டரின் மெஷினிலிருந்து வரும் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில் இவற்றில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. நாளடைவில் அது வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஏதாவது ஒரு டிக்கெட்டை வைத்துக்கொள்ள ஆசையென்றால் ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டு. செய்தித்தாள் மங்காது, ஆனால் பழுப்பாகும், நொறுங்கும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலிருந்து நீக்கப்படுவதில்லை. வெயிலும் காற்றும் பட்டால் அதன் நிறம் மாறும். பழுப்பாவது பிடிக்குமென்றால் தாராளமாக வைத்துக்கொள்.

மூங்கில் பிளாச்சு நீளவாக்கில் எளிதாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது, இல்லையா? ஆலையில் செய்த தாளும் அப்படித்தான். கூழ் மெஷினில் ஓடும்போது நார்கள் ஓடும் திசையிலேயே படிந்துவிடும். தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த மடிப்பின் திசையில்தான் நார் ஓடுகிறது. நோட்டின் முதுகும் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருந்தால் பக்கம் படிந்து திறக்கும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும், பக்கம் விறைத்து நிற்கும். ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓட்டம் இருக்கும். அதை இரண்டாக மடித்து 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரப் பக்கமாக்கும்போது குறுக்கு மடிப்புதான் விழும். 80 ஜிஎஸ்எம் தாள் இதைப் பொறுத்துக்கொள்ளும். சார்ட் போன்ற கெட்டித் தாள் பொறுக்காது. அதைப் பெரிய தாளிலிருந்து ஓட்டம் பார்த்து வெட்டு.

துணியில் நார் ஓட்டத்தின் வேலையைச் செய்வது பாவு, அதாவது நீளவாக்கு இழை. பாவு வாக்கில் துணி அதிகம் இழுபடாது, மூலைவாட்டில் ரப்பராக இழுபடும். அதனால் பாவு முதுகோடு போகிற மாதிரி வெட்டு. காகிதமும் துணியும் தூரத்து உறவு அல்ல, ஒரே வீட்டுப் பிள்ளைகள். 19-ம் நூற்றாண்டில் மரக்கூழ் வரும் வரை ஐரோப்பாவில் காகிதம் செய்தது கந்தல் துணியிலிருந்துதான். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடத்துக்குப் போனால், பருத்தித் துணி கூழாகித் தாளாவதைப் பார்க்கலாம். அப்படிக் கையால் அள்ளிய தாளில் நார்கள் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் எப்படி மடித்தாலும் ஒன்றுதான்.

துணியைப் பக்கமாக்க ஒரு வழி உன் பாட்டிக்குத் தெரியும்: கஞ்சி. புதுத் துணியானால் முதலில் ஒருமுறை அலசிவிடு, சுருங்க வேண்டியது சுருங்கட்டும். வடித்த கஞ்சியை வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்த்து, துணியை முக்கிப் பிழிந்து நிழலில் காயப்போடு. முழுக்கக் காய்வதற்குள், தொட்டால் சற்று ஈரம் தெரிகிற பதத்தில், இஸ்திரி போடு. காடாத் துணி கெட்டித் தாள் போல நிற்கும். கத்தரியில் நேராக வெட்டுப்படும், மடிப்பும் கூர்மையாக விழும். ஓரத்தில் பிசிறு எடுத்தால் ஒரு ஓட்டுத்தையல் போடு, அல்லது நாலு இழை உருவிவிட்டுக் குஞ்சமாகவே விடு. புடவைக் கரையானால் அந்தப் பக்கம் பிசிறே வராது. துணியில் பால்பாயிண்ட் இழுக்கும், ஜெல் பேனா ஊறும். பென்சிலால் வரைந்து அதன்மேல் நூலால் போவதுதான் சரி.

இனி அடுக்கு. நாலு தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு கட்டு, 16 பக்கம். இப்படி மூன்று கட்டு வேண்டும். கெட்டித் தாள் கலந்தால் மூன்று தாள் போதும். நூல் அழுத்துவது நடு உள்தாளையும் வெளித்தாளையும்தான். அந்த இரண்டு இடத்திலும் பலமானதை வை. வெளியே துணி, உள்ளே பிரவுன் தாள் இருந்தால் நடுவில் காலண்டர் தாளும் பட்டர் பேப்பரும் பயமில்லாமல் உட்காரும். பத்திரிகை அட்டையை மடிக்காதே. அதன் ஓரத்தில் 3 செ.மீ. துணிப் பட்டையைக் கீல் மாதிரி ஒட்டி, பட்டையை மட்டும் தையலுக்குள் கொடு. பொன் எழுத்தின் மேல் கலர் ஏறாது, அட்டையின் பின்பக்கத்தில் நன்றாக ஏறும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். இப்போது தட்டையாக இருக்கும் நோட்டு, நீ பொத்தானும் இலையும் துணியும் ஒட்ட ஒட்ட வாய் பிளந்துகொள்ளும். முதுகு ஒல்லி, வாய் குண்டு. இதற்குத் தையலின்போதே இடம் விட வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் 5 செ.மீ. அகலத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை மடித்துச் சேர்த்துத் தைத்துவிடு. முதுகில் மட்டும் கனம் கூடும், பக்கங்களுக்கு நடுவே காற்று இருக்கும்.

அட்டைக்குத் தினசரி காலண்டரின் பின்அட்டையே போதும். சாமி படம் அச்சிட்டிருந்தால் பாட்டியிடம் கேட்டுவிட்டு வெட்டு. இரண்டு துண்டு, 21.6 செ.மீ. உயரம், 14.8 அகலம். பசைக்கு, மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல வரும் வரை கிளறு. ஆறியதும் பூசலாம். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க இதில் மயில் துத்தம் கலப்பார்கள். அது விஷம், உனக்கு வேண்டாம். பசையை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடு. மேல்துணியில் பசை ஊறித் திட்டுத் திட்டாகத் தெரியாமலிருக்க, முதலில் மெல்லிய தாளில் பசை தடவி, துணியின் பின்பக்கத்தில் ஒட்டிக் காயவிடு. சமையலறைக் கடப்பாக்கல் மேல் போட்டால் சுருக்கமில்லாமல் காயும். பிறகு அட்டைகளை 3 செ.மீ. இடைவெளியில் அந்தத் துணிமேல் ஒட்டி, 2 செ.மீ. துணியை நாலு பக்கமும் உள்ளே மடக்கு. நடு இடைவெளிக்கு உட்புறம் இன்னொரு காடாப் பட்டை. ராத்திரி முழுக்க மேலே பாரம் வை. ஈரத்தோடு எடுத்தால் அட்டை வளைந்துவிடும்.

தையல் மூன்று துளைதான். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. முதுகுத் துணியிலும் 1 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடு போட்டு அதே அளவில் துளையிடு, மூன்று கட்டுக்கும் ஒவ்வொரு கோடு. நூல் நோட்டு உயரத்தைப்போல மூன்று மடங்கு. மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழு, சிக்காது. ஊசி உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே போகட்டும், ஒரு சாண் வால் உள்ளே நிற்கட்டும். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே வா. உள்ளேயே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியேறு. மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வா. இப்போது உள்ளே ஒரு நீளத் தையல் இருக்கும். இரண்டு வாலும் அதன் இருபுறமும் வருகிற மாதிரி வைத்து, அதைச் சுற்றி முடிச்சிடு. நூலை இறுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழு. உன் பக்கமாக இழுத்தால் தாள் கிழியும்.

லூயி பூர்ஷுவா என்ற சிற்பியின் பெற்றோர் பிரான்ஸில் பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். சீலையில் அரித்துப்போன உருவங்களின் கால்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயியின் வேலை. 2002-ல், 90 வயதில், அவர் முழுக்க முழுக்கத் துணியாலேயே ஒரு புத்தகம் செய்தார். பக்கங்கள் அவருடைய கல்யாணச் சீர் துண்டுகள். 1938-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெயரின் முதலெழுத்துகள் பின்னிய அந்தத் துண்டுகளின் மேல் பழைய உடைகளின் துணிகளை வைத்துத் தைத்தார். முதுகில் தையல் கிடையாது, பொத்தான் துளைகள்தான். கட்டை அவிழ்த்தால் பக்கத்தைத் தனியாக எடுக்கலாம். உனக்கு மூன்று துளைத் தையல் சலித்தால் இந்த முறையை முயன்று பார்.

முடித்த நோட்டைக் கட்டில் அடியில் போடாதே. கஞ்சியும் மைதாவும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. காற்றாடும் இடத்தில், துணியில் முடிந்த வசம்புத் துண்டோடு வை. மாதம் ஒருமுறை பிரித்துப் புரட்டு.

புடவை வேண்டுமானால் பாட்டியிடமே கேள். முந்தியில் கை வைக்காதே. இடுப்பில் சொருகும் உள்தலைப்பிலிருந்து ஒரு முழம் கேட்டால் தருவார். கரையோடு சேர்த்து வாங்கிக்கொள், முதுகுக்கு ஆகும்.

அன்புடன்,
அத்தை