ஊருக்கு ஏத்த ரோஜா

ரோஜாவைப் பற்றி எழுதும் முன் ஒரு கடன் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

வங்கியில் இருந்த காலத்தில், வெயில் கொளுத்தும் ஒரு சமவெளிக் கிளையில் ரோஜா சாகுபடிக்குக் கடன் கேட்டு ஒரு இளைஞர் வந்தார். கையில் அழகாகத் தட்டச்சு செய்த திட்ட அறிக்கை. ஓசூர்ப் பக்கத் தோட்டம் ஒன்றின் கணக்கை அப்படியே எடுத்து எழுதியிருந்தது. செடிக்கு இத்தனை பூ, பூவுக்கு இத்தனை ரூபாய். கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். 'இந்தச் செடி உங்க ஊர் வெயிலைத் தாங்குமா?' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மே மாதம் அவர் வந்து நின்றார். "சார், காலைல விரியுற பூ பத்து மணிக்கெல்லாம் வாடிப் போகுது. காம்பு விரல் நீளம்கூட வரமாட்டேங்குது" என்றார். கடைசியில் இரண்டு கறவை மாடுகளை விற்றுத்தான் கடனை அடைத்தார். ஓய்வு பெற்று நானும் மண்ணில் இறங்கிய பிறகுதான், அந்தக் கணக்கில் விடுபட்டது எது என்று புரிந்தது. இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

ரோஜாவுக்கு எது பிடிக்கும்?

பகலில் 25 முதல் 28 டிகிரி, இரவில் 15 முதல் 18 டிகிரி வெப்பம், குறைந்தது ஆறு மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண். இவை இருந்தால் ரோஜா சிரிக்கும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் இந்த வெப்பம் ஆண்டில் பல மாதம் அங்கே தானாகக் கிடைக்கிறது. நீண்ட காம்புள்ள கொய்மலர் ரோஜா அங்கே நன்றாக வருவதற்கு இது முக்கியக் காரணம்.

நம் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் இரவுகூடக் குளிர்வதில்லை. செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் மூச்சு விட்டே செலவழித்து விடுகிறது. மொட்டு அவசரமாக விரியும். இதழ் குறையும், நிறம் வெளுக்கும். அதற்கு உரம் பற்றவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவது வீண் செலவு.

சமவெளியில்

சமவெளிக்கு நான் சொல்வது பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா, ஆந்திர சிவப்பு போன்ற ரகங்கள். இவை மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் போகும். காம்பு நீளம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி. வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர், செடிக்குச் செடி ஒரு மீட்டர். இப்படி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,000 செடி பிடிக்கும். குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து போடுங்கள். மேற்குப் பக்கம் ஒரு வரிசை அகத்தி இருந்தால் பிற்பகல் வெயிலின் கடுமை குறையும். மூடாக்கு அரை அடி கனம் வேண்டும், ஆனால் தண்டை ஒட்டிப் போடக் கூடாது. நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று நடுவதற்கு முன்பே பரிசோதித்து விடுங்கள். ரோஜா உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகி, மண் மேல் வெள்ளை பூத்தால் பஞ்சகவ்யா அடித்துச் சரி செய்ய முடியாது.

கோடையில் வரும் எதிரி சிவப்பு சிலந்தி. இலை மேல் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளி தெரியும். அடிப்பக்கம் திருப்பினால் மெல்லிய நூலாம்படை இருக்கும். காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதாக இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

மழையும் ஈரமும் மிகுந்த ஊரில்

கன்னியாகுமரிப் பக்கம் போல இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊரில் எதிரி வேறு. அது கரும்புள்ளி நோய். இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் இந்தப் பூஞ்சணம் முளைத்து உள்ளே புகுந்து விடும். ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன் இலையைக் காய வையுங்கள். இடைவெளியைக் கூட்டுங்கள். செடியின் நடுவில் குறுக்கே ஓடும் கிளைகளை எடுத்துக் காற்று நுழைய வழி விடுங்கள். மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலையை மூடாக்கோடு விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி கட்டாயம்.

மலையில்

ஊட்டி 7,000 அடிக்கு மேல். அங்குள்ள ரோஜாப் பூங்கா நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995இல் அமைந்தது. 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருது கொடுத்தது. அதைப் பார்த்து மயங்கி, அதே ரகச் செடியை வாங்கிக் கீழே கொண்டு வந்து வைப்பவர்கள் நிறைய. செடி மேல் தப்பில்லை, இடம்தான் மாறிப் போச்சு.

மலையிலும் சிக்கல் உண்டு. பகல் இதமாக, இரவு குளிர்ந்து ஈரப்பதம் ஏறினால் இளந்தளிரில் வெள்ளைப் பொடி பூசியது போலச் சாம்பல் நோய் வரும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் உள்ள காலையில் வாரம் ஒரு முறை தெளித்தால் தொடக்கத்திலேயே அடங்கும். உறைபனிக்குச் சற்று முன் கவாத்து செய்தால் புதுத்தளிர் பனியில் கருகும். பனி ஓய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

கவாத்து எப்போது?

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். குளிர்நாட்டுப் புத்தகங்கள் குளிர்காலம் முடியும்போது வெட்டச் சொல்லும். அங்கே செடி இலை உதிர்த்துத் தூங்கி எழுகிறது. நம் சமவெளியில் ரோஜா தூங்குவதே இல்லை. நாம்தான் ஓய்வு கொடுக்க வேண்டும். அக்டோபரில் வெயில் தணிந்ததும் சில நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். காய்ந்த, நோயுற்ற குச்சிகளை அடியோடு எடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டு விழ வேண்டும். வெட்டு வாயில் பசுஞ்சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசினால் காயம் வெயிலில் காயாது. பிறகு தொழுவுரம், ஜீவாமிர்தம் கொடுங்கள். தளிர் வந்ததும் பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. ஏறக்குறைய ஆறேழு வாரத்தில் பூ வரும். மே மாதத்தில் கடுமையாக வெட்டாதீர்கள். இலை நிழல் போனால் தண்டே வெந்துவிடும்.

ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளி எறியுங்கள். விட்டால் காட்டு ரோஜா வளர்ந்து நல்ல ரகத்தை அமுக்கிவிடும்.

நடும் முன் கேட்க வேண்டியவை

மே மாத இரவு உங்கள் ஊரில் குளிர்கிறதா? மழைக்காலத்தில் இலை எத்தனை மணிக்குக் காய்கிறது? தண்ணீரில் உப்பு உண்டா? பூவை யார், எதற்கு வாங்குகிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு ரகத்தை முடிவு செய்யுங்கள். முதல் ஆண்டு ஐம்பது செடி போதும். ஒரு கோடை, ஒரு மழை தாண்டட்டும். கடன் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

கடன் வாங்கிய அந்த இளைஞருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மிஞ்சிய நிலத்தில் பன்னீர் ரோஜா வைத்து நிலைத்துவிட்டார். என் தோட்டத்தின் முதல் ஐம்பது பன்னீர் ரோஜாக் குச்சிகள் அவர் வெட்டிக் கொடுத்தவைதான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "நட்டுப் பாருங்க சார், இது நம்ம ஊருக்குப் பழகினது" என்றார்.