மாஸ்க் மாட்டினால் வாழ்நாள் அடிமையா? ஸ்லீப் ஆப்னியா சிகிச்சை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் காலமானார். தூக்கத்தில் மூச்சு தடைபடும் ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’தான் காரணம் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை தெரிவித்தது. பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அன்றுதான். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘குட் நைட்’ திரைப்படம், குறட்டை விடும் ஒருவர் வீட்டிலும் வெளியிலும் படும் சங்கடத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது. ஆக, நோயின் பெயர் இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி உள்ளிட்ட சிகிச்சைகளைப் பற்றித்தான் தவறான பேச்சுகள் அதிகம். “அந்த மிஷினை மாட்டினா அப்புறம் கழட்டவே முடியாதாம்” என்று உறவினர் ஒருவர் சொல்லும் வார்த்தை போதும், நோயாளி மருத்துவரிடம் போகும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்பகுதியும் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்சை இழுக்கப் பார்க்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை திடுக்கிட்டு உடலை உசுப்பும். பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்றால் அது ‘ஆப்னியா’. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 முறை நடந்தால் லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். வேலை செய்யும் வயதிலுள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கலாம் என்பது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட மதிப்பீடு.

நம்பிக்கை 1: “நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார், இதுக்கு எதுக்கு வைத்தியம்?”

உண்மை: குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா இல்லை. ஆனால் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, சில விநாடி அமைதிக்குப் பின் திணறலோடு தொடங்கினால் அது ஆழ்ந்த தூக்கம் அல்ல. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவையும் அடையாளங்களே. சிகிச்சை பெறாத நோயாளிகளிடம் இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் அதிகம் காணப்படுகின்றன. வண்டி ஓட்டும்போது தூங்கிவிடும் ஆபத்து, சாலையில் போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். உறுதி செய்ய ‘ஸ்லீப் ஸ்டடி’ எனப்படும் தூக்கப் பரிசோதனை வேண்டும். பலருக்கு இதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

நம்பிக்கை 2: “குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் வரும். எடையைக் குறைச்சா போயிடும்.”

உண்மை: உடல் பருமன் முக்கியக் காரணம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு மூச்சுத்தடைகள் சுமார் 32 சதவீதம் கூடின. 10 சதவீதம் குறைந்தவர்களுக்குச் சுமார் 26 சதவீதம் குறைந்தன. எடைக் குறைப்பு உதவும், ஆனால் எல்லோருக்கும் அது மட்டும் போதாது. தாடை சிறுத்து உள்வாங்கியவர்கள், டான்சில் பெருத்தவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் ஆகியோருக்கு ஒல்லியான உடலிலும் இந்த நோய் வரலாம். பெண்கள் பலர் குறட்டையைச் சொல்வதில்லை; “எப்பவும் அசதியா இருக்கு, தூக்கம் வரல” என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே நோய் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைட் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. ஓராண்டு நீண்ட சோதனைகளில் மூச்சுத்தடைகள் சராசரியாக மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தன. நல்ல செய்தி இது. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஊசி தொடங்கிய அன்றே மாஸ்க்கை ஓரம்கட்டக் கூடாது. எடை குறைந்தபின் மறுபடி பரிசோதனை செய்து, மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

நம்பிக்கை 3: “மிஷின் ஆக்சிஜன் தருது. பழகிட்டா நுரையீரல் சோம்பேறி ஆயிடும்.”

உண்மை: ‘சி-பாப்’ என்ற இந்தக் கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறையிலுள்ள காற்றையே இழுத்து, மெல்லிய அழுத்தத்தோடு மாஸ்க் வழியாக அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையைச் சரிய விடாமல் திறந்து வைக்கிறது. மூச்சு விடுவது நாம்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் இதை உருவாக்கி, 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பது மட்டுமே.

இதில் அடிமைத்தனம் எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்கும். அதனால் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சி-பாப்பும் அப்படித்தான். நிறுத்தினால் பழைய நோய் திரும்புமே தவிர, கருவி புதிதாக எதையும் கெடுப்பதில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டியை இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அடைபட்ட பாதையை ஆக்சிஜன் திறக்காது; சிலருக்கு மூச்சு நிற்கும் நேரம் நீளவும் செய்யும்.

நம்பிக்கை 4: “ராத்திரி கரண்ட் போனா மாஸ்க்குக்குள்ளேயே மூச்சு முட்டிடும்.”

உண்மை: மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் உண்டு. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கில், கருவி நின்றால் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது. மூக்கை மட்டும் மூடுவதில் வாயால் மூச்சு விடலாம். பெரும்பாலோர் விழித்து, தாங்களே கழற்றிவிடுவார்கள். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊரில் கருவியை இன்வெர்ட்டரில் இணைத்தால் சிகிச்சை தடைபடாது.

நம்பிக்கை 5: “ரெண்டு ராத்திரி போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒத்துவரல.”

உண்மை: சிகிச்சையைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய சின்னச் சின்னத் தொல்லைகளே காரணம்.

காற்று கசிந்து கண்ணில் அடித்தால் மாஸ்க்கின் அளவோ வகையோ பொருந்தவில்லை. மூக்குத் துளைகளில் பொருத்துவது, மூக்கை மூடுவது, மூக்கு-வாய் இரண்டையும் மூடுவது என வகைகள் உள்ளன, மாற்றிக் கேளுங்கள். தொண்டை வறண்டால் கருவியோடு வரும் ஈரப்பதமூட்டியைப் பயன்படுத்த வேண்டும். அதில் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீரைத்தான் ஊற்ற வேண்டும். தொடக்கத்தில் காற்று வேகமாகத் தோன்றினால், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி கருவியிலேயே இருக்கிறது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. மாஸ்க் போட்டதும் படபடப்பு வந்தால், பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகலாம்.

எத்தனை மணி நேரம் போட வேண்டும்? தூங்கும் நேரம் முழுக்க. ஓர் இரவுக்கு 4 மணி நேரம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல். 2016இல் வெளியான ‘சேவ்’ என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்குச் சி-பாப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் அதைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஆய்விலும் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. எனவே இதயத்தைக் காக்கும் கவசம் என்று சி-பாப்பை விற்பது மிகை. தூக்கத்தையும் விழிப்பையும் மீட்டுத் தரும் என்பது உறுதி.

சி-பாப் கருவியின் விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இணையத்தில் பார்த்து நீங்களாகக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூளையிலிருந்து மூச்சுக் கட்டளை வராமல் போகும் ‘சென்ட்ரல் ஆப்னியா’ என்ற வகையும் உண்டு. அதற்குத் தரும் ஒரு சிறப்புக் கருவி, இதயம் பலவீனமான நோயாளிகளிடம் இதயநோய் மரணங்களை அதிகரித்ததாக 2015இல் ஓர் ஆய்வு கண்டது.

நம்பிக்கை 6: “மிஷினை விட்டா வேற வழியே இல்லை.”

உண்மை: உண்டு. கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கருவி, லேசான, நடுத்தர நோய்க்கும் சி-பாப் தாங்காதவர்களுக்கும் உதவும். பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தர வேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்பவர்களுக்கு ஒருக்களித்துப் படுக்கும் பயிற்சி பலன் தரும். நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் கருவியை உடலுக்குள் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2014இல் அங்கீகாரம் கிடைத்தது. செலவு மிக அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது. மூக்கில் ஒட்டும் பட்டைகளும் விரலில் மாட்டும் மோதிரங்களும் இந்த நோய்க்குச் சிகிச்சை அல்ல.

நம்பிக்கை 7: “ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சுது.”

உண்மை: குழந்தைகளுக்கு இது ஓரளவு சரி. டான்சிலும் அடினாய்டும் பெருத்து மூச்சடைக்கும் பிள்ளைகளில் பலருக்கு அவற்றை அகற்றுவதே முதல் சிகிச்சை. வாயைத் திறந்து குறட்டை விடும் பிள்ளையை “வளர்ந்தா சரியாயிடும்” என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பில் கவனமின்மைக்கும் அடங்காத துறுதுறுப்புக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அண்ணத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் குறட்டைச் சத்தம் குறைந்தும் நோய் மிஞ்சியிருக்கலாம். அறுவைக்குப் பிறகும் தூக்கப் பரிசோதனை அவசியம்.

நம்பிக்கை 8: “தூக்க மாத்திரையோ கொஞ்சம் மதுவோ போட்டா நல்லா தூக்கம் வரும்.”

உண்மை: மதுவும் பல தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும், மூளை விழித்துக் காப்பாற்றுவதையும் தாமதப்படுத்தும். மயக்க மருந்தும் இப்படியே செய்யலாம் என்பதால், வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் “எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நோய்க்கு ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வழி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் பொறுமை வேண்டும், வீட்டாரின் துணை வேண்டும். மூச்சு நிற்பதைத் தூங்குபவர் அறியமாட்டார். பக்கத்தில் படுத்திருப்பவரே முதல் சாட்சி. அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாங்கிய கருவி உங்கள் வீட்டு அலமாரியில் பயன்படாமல் கிடந்தால், இந்த வாரமே அதை எடுத்துப்போய், “எனக்கு இது ஏன் ஒத்துவரவில்லை, என்ன மாற்றலாம்?” என்று கேளுங்கள்.