உறைபனியில் வண்டி கிளம்ப மறுத்தால்...

நீலகிரியில் உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் காய்கறி ஏற்றும் டீசல் வண்டிகள் விடியற்காலையில் கிளம்ப மறுப்பதுண்டு. மேட்டுப்பாளையம் மண்டி ஏலத்துக்குக் காரட் பிந்தினால் விவசாயிக்கே நஷ்டம். அவசரப்பட்டுப் பம்பைக் கழற்றக் கூடாது. முதலில் ஸ்டார்ட்டர் சத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

மெதுவாகச் சுழன்றால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். குளிரில் அதன் சக்தி குறையும். என்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். பேட்டரி முனைகளில் பூத்துள்ள படிவத்தைச் சுத்தம் செய்து இறுக்கவும். ஹைட்ரோமீட்டர் 1.26 அளவு காட்டினால் சார்ஜ் நிறைவாக உள்ளது, 1.20க்குக் கீழ் இறங்கினால் சார்ஜ் ஏற்றவும்.

வேகமாகச் சுழன்றும் கிளம்பாவிட்டால் புகைக்குழாயைப் பார்க்கவும். வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கவும். புகையே இல்லையேல் டீசல் வரவில்லை. ஃபில்டரில் அடைப்போ, குழாயில் காற்றோ இருக்கலாம்.

ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இயக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றுவது உயிருக்கே ஆபத்து.