ஏரியில் உடைந்த வாடகைப் படகு: யார் பொறுப்பு?

கேள்வி: தெமெங்கோர் ஏரியில் தோமான் மீன் பிடிக்க, நண்பர்கள் மூவர் ஒரு நாளைக்கு மோட்டார் படகு எடுத்து நாங்களே ஓட்டினோம். வாடகை 250 வெள்ளி, டெபாசிட் 300 வெள்ளி. மாலையில் திரும்பும்போது தண்ணீருக்கடியில் இருந்த மரக்கட்டையில் இடித்து புரொப்பெல்லர் உடைந்தது, இன்ஜினும் நின்றுவிட்டது. புது இன்ஜினுக்கு 4,800 வெள்ளி கேட்கிறார் படகுக்காரர். ‘எந்தச் சேதத்துக்கும் எடுத்தவரே பொறுப்பு’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் மைகார்டையும் தர மறுக்கிறார். பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் மைகார்டைக் கேட்டு வாங்குங்கள். பிறர் அடையாள அட்டையைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி குற்றம். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் போலீசில் புகார் செய்யுங்கள்.

இனி சேதத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருந்தபோது உடைந்தது என்பதற்காக மட்டும் நீங்கள் பொறுப்பாளி ஆகிவிட மாட்டீர்கள். தன் சொந்தப் பொருளை விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் போதும் என்கிறது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104-ஆவது பிரிவு. அப்படியும் சேதம் வந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொறுப்பில்லை என்கிறது 105-ஆவது பிரிவு. ஆனால் கவனமாக இருந்ததைக் காட்டவேண்டியவர் நீங்கள்தான்.

தெமெங்கோர் 1970களில் அணை கட்டியபோது காடு மூழ்கி உருவான ஏரி. பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் பல மரங்கள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். மரங்களுக்கிடையே மெதுவாக வந்தீர்களா, இருட்டில் முழு வேகத்தில் வந்தீர்களா? போகக்கூடிய பாதையை அவர் காட்டினாரா? வழக்கு இந்தப் பதில்களில்தான் நிற்கும். கண்மூடித்தனமாக ஓட்டியிருந்தால் பழுதுச் செலவு உங்களுடையதே.

படகையும் பார்க்கவேண்டும். சில சிறிய இன்ஜின்களில் புரொப்பெல்லரை அச்சோடு பிணைக்கும் மெல்லிய பின் ஒன்று உண்டு. மோதினால் அது முதலில் ஒடிந்து கியரைக் காப்பாற்றும். அந்த இடத்தில் ஆணியை வெட்டிச் செருகியிருந்தால், கியர் போனதற்கு அதுவே காரணமாகலாம். வாடகைக்கு விட்ட பொருளில் உள்ள குறை தனக்குத் தெரியாது என்று சொல்லியும் உரிமையாளர் தப்ப முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு சொல்வது அதுதான். உடைந்த பாகங்களை எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள்.

கையெழுத்திட்ட தாள் உங்களுக்குப் பாதகம்தான். அதுவே ‘வேறு ஒப்பந்தம்’ என்று அவர் வாதிடுவார். ஆனால் உரிமையாளரின் கவனக்குறைவையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டும் வாசகத்தை, 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் IIIஏ பகுதியின் கீழ் நியாயமற்றது என்று எதிர்க்கலாம்.

நீங்களே பொறுப்பு என்றானாலும், தரவேண்டியது உண்மையான நஷ்டம் மட்டும். பழைய இன்ஜினைப் பழுதுபார்க்க முடியுமென்றால் புதியதன் விலையைக் கேட்க நியாயமில்லை. பட்டறை எழுதிக்கொடுத்த மதிப்பீட்டைக் கேளுங்கள். நீங்களும் வேறொரு பட்டறையில் விலை விசாரியுங்கள்.

டெபாசிட்டை அநியாயமாகப் பிடித்துக்கொண்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. படகுக்காரர் தானே வழக்குத் தொடுக்க விரும்பினால் அவர் நீதிமன்றம்தான் போகவேண்டும். நோட்டீசோ சம்மனோ வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்; ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும்.