எஸ்பிரெஸோ மெஷின்: நுரையும் வேண்டும், காபியும் கசக்கக் கூடாது

வீட்டு மெஷின்களில் காபிக்கும் நீராவிக்கும் பெரும்பாலும் ஒரே பாய்லர்தான். தொல்லையே அங்கேதான்.

1. முதலில் காபியை இறக்குங்கள், பிறகு ஸ்டீம் பட்டன். நீராவிச் சூட்டில் இறக்கினால் கருகல் கசப்பு வரும்.

2. ஸ்டீம் குழாயை வெறுமனே ஒருமுறை திறந்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் பாலில் சேராது.

3. பால் ஃபிரிட்ஜிலிருந்து வரட்டும். (பச்சைப் பால் பிடிக்காதவர்கள் காய்ச்சிக் குளிரவைத்ததை எடுக்கலாம்.) குழாய் முனை பால்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும். ‘ஸ்ஸ்’ என்றால் நுரை நைசாக வரும். ‘களகள’ என்றால் பெரிய குமிழிதான் மிஞ்சும். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்கள்.

4. உடனே ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, மறுபடி திறந்து மூடுங்கள். காய்ந்த பால் துளையை அடைக்கும்.

5. அடுத்த கப்புக்கு முன், தூள் போடாமல் வெந்நீரை ஓடவிடுங்கள். சீறல் அடங்கினால் பாய்லர் சூடு இறங்கிவிட்டது.