வாசகர் வட்டம் நடத்தப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கிளை நூலகத்து வாசகர் வட்டம் யான் மார்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலோடு தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். படித்தேன், மகிழ்ச்சி. பை என்ற புதுச்சேரிப் பையன் ஒருவன் கப்பல் மூழ்கி, வங்கப்புலி ஒன்றோடு உயிர்காப்புப் படகில் 227 நாள் மிதந்த கதை. 2002இல் புக்கர் பரிசு வாங்கியது. கடற்கரை ஊரில் பேசுவதற்கு இதைவிடத் தோதான நாவல் கிடைப்பது கடினம்.

கூட்டம் தொடங்கியதுமே யாராவது கேட்டுவிடுவார்: "புலி நிஜமா இருந்துச்சா, இல்லையா?" அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் விவாதத்துக்கு விடாதே. விட்டால் பட்டிமன்றமாகிவிடும், நடுவில் இருக்கும் கடல் முழுவதும் வீணாகிவிடும். "கடைசியில் அதற்கு வருவோம், ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பை முதன்முதலாக மீனைக் கொல்லும் பக்கங்களுக்கு எல்லோரையும் கூட்டிப் போ.

அவனுக்குப் பதினாறு வயது, சைவம். படகில் வந்து விழுந்த பறக்கும் மீன் ஒன்றை, நம் கரையில் பறவைக்கோலா என்கிறார்களே அதை, கையில் எடுக்கிறான். கொல்ல மனம் வராமல் தவிக்கிறான், கொன்றபின் அழுகிறான். கொஞ்ச நேரத்திலேயே பெரிய டொராடோ மீன் ஒன்றை அடித்துக் கொல்கிறான். இம்முறை அழுகை இல்லை. இந்த இரண்டு சாவுகளுக்கும் இடையில் அவனுக்குள் என்ன நடந்தது? இதை மட்டும் கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. உன் வட்டத்தில் மீன் தொடாதவர் இருப்பார், மீன்பிடித்தே வாழ்பவரும் இருப்பார். யாரும் வாய் திறக்காத அந்த ஒரு நிமிடம் உனக்குப் பதற்றமாக இருக்கும். பதில் சொல்ல முந்தாதே; அவர்கள் யோசிக்கிறார்கள். முதலில் கடலுக்குப் போகிறவரைப் பேசவிடு. ஆங் லீயின் படத்தை (2012) மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் கூச்சப்படாமல் உட்காரட்டும். அந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தால் அவரும் பேச்சில் சேர்ந்துகொள்வார்.

அதன்பிறகு கடைசிப் பகுதிக்குப் போகலாம். கப்பல் மூழ்கியதை விசாரிக்க வந்த ஜப்பானிய அதிகாரிகள் புலிக் கதையை நம்ப மறுத்ததும் பை விலங்குகளே இல்லாத இன்னொரு கதையைச் சொல்கிறான். முதல் கதையில் படகிலிருந்த கழுதைப்புலி இதில் சமையல்காரனாகிறது, ஒராங்குட்டான் அம்மாவாகிறது, புலி பையே ஆகிவிடுகிறது. மீனுக்காக அழுதவனை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பவர்கள், எது உண்மை என்று கைதூக்கி ஓட்டுப்போட அவசரப்பட மாட்டார்கள்.

ஒரு தகவலை அதுவரை வெளியிடாமல் வைத்திரு. 1884இல் மிக்னொனெட் என்ற ஆங்கிலேயப் படகு மூழ்கியது. தப்பிய நால்வரில் இளையவனை மற்றவர்களில் இருவர் கொன்றார்கள், மூவரும் தின்றார்கள். கொன்றவர்களுக்கு விதித்த மரண தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. செத்துப்போன பதினேழு வயதுப் பையனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். நாவலில் புலியின் பெயரும் அதுதான். முதலிலேயே சொன்னால் இது வெறும் துணுக்குச் செய்தி. இரண்டாம் கதைக்குப் பிறகு சொல், உடனே எல்லோரும் புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவார்கள்.

அடுத்து ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' எடுக்கலாம். அதிலும் நடுக்கடலில் தத்தளிப்பவர்கள் உண்டு. பெரிய நாவல், அதனால் இரண்டு மாதம் அவகாசம் கொடு. கரையிலிருந்து நாலு பேரை நீயே நேரில் போய் அழைத்து வா.

அன்புடன்,
அக்கா