தூங்கும் புல்லுக்குப் பச்சைச் சட்டை



"புல்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களாம்" என்று சொன்னால் முதலில் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். "காசு கொழுத்தவன் வேலைப்பா" என்று ஒருவர் சொல்வார். "செத்த புல்லுக்கு மேக்கப்பா?" என்று இன்னொருவர் கேட்பார். ஆனால் இதற்குள் கொஞ்சம் தாவரவியலும், கொஞ்சம் ரசாயனமும், நமக்குப் பழக்கமான கணக்கும் இருக்கின்றன. அதோடு, டிப்ளமோ படிக்கிற நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே, எதற்கு?

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களான ஜார்ஜியா, வட கரோலினா, தென் கரோலினா, டென்னசி ஆகியவற்றில் கோல்ஃப் மைதானங்கள் ஏராளம். ஒரு மைதானத்தில் 18 குழிகள். பந்து போய் விழ வேண்டிய நீண்ட புல்வெளிக்கு 'ஃபேர்வே' என்று பெயர். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பகுதி 'கிரீன்'. ஒரு 18 குழி மைதானத்தில் ஃபேர்வே மட்டும் சுமார் 10 முதல் 12 ஹெக்டேர் வரும்.

அங்கே பெரும்பாலும் வளர்ப்பது பெர்முடா புல். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் அது! இரண்டுக்கும் தாவரவியல் பெயர் ஒன்றே: சைனோடான் டாக்டிலான். ஜார்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, இதை ஓர் ஆப்பிரிக்க இனத்தோடு கலந்து மெல்லிய இலையுள்ள கலப்பு வகைகளை உருவாக்கினார். 1960-ல் வெளிவந்த 'டிஃப்வே' அவற்றில் ஒன்று.

அருகு வெயிலுக்குப் பிறந்த புல். மண்ணின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி விழுந்ததும் இலையில் உள்ள பச்சையம் அழிந்து, புல் வைக்கோல் நிறமாகிவிடும். ஆனால் அது சாகவில்லை. தரையில் ஓடும் கொடியும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத் தண்டும், அடிக்கணுவும் உயிரோடுதான் இருக்கின்றன. நம் ஊர்த் தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கிறதே, அதுபோலத்தான். செத்துப்போச்சு என்று அதை யாரும் வெட்டுவதில்லை. இந்தப் புல்லும் வசந்தத்தில் மண் சூடானதும் தானாக எழுந்துவிடும்.

பிறகு ஏன் பெயிண்ட்? பார்க்கிறவர்களுக்காக. ஜார்ஜியாவில் உள்ள அகஸ்டா மைதானத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிறது. 1966-லிருந்து அதை வண்ணத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். அந்தப் பளபளப்பான பச்சையைப் பார்த்துப் பழகிய உறுப்பினர்கள், "நம்ம கிளப் மட்டும் ஏன் பழுப்பா இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

பழைய வழி

குளிர்காலப் பச்சைக்கு வழக்கமான வழி, தூங்கப்போகும் அருகின் மேல் வேறொரு புல்லை விதைப்பது. செப்டம்பர், அக்டோபரில் ரை புல் விதையை ஃபேர்வேயில் ஹெக்டேருக்குச் சுமார் 300 முதல் 500 கிலோ வரை தூவுவார்கள். அகஸ்டாவின் பச்சையும் இப்படி விதைத்த ரை புல்தான்.

இதில் இரண்டு சங்கடங்கள். முதலாவது தண்ணீர். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. பாய்ச்சினால் 10,000 லிட்டர். 10 ஹெக்டேருக்கு ஒரு நாள் 5 மி.மீ. பாய்ச்சினால் 5 லட்சம் லிட்டர்! விதை முளைத்து வேர் பிடிக்கும் வரை தினமும் ஈரம் காய விடக்கூடாது. பிறகு உரம், வெட்டும் கூலி, டீசல் எல்லாம் குளிர்காலம் முழுக்கத் தொடரும்.

இரண்டாவது, வசந்தத்தில் வரும் சண்டை. அருகு கண்விழிக்கும் நேரத்தில் ரை புல் முழு பலத்தோடு நிற்கும். வெளிச்சம், தண்ணீர், சத்து எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். வந்த விருந்தாளி வீட்டுக்காரனை வெளியே தள்ளிய கதை! வருடா வருடம் இப்படி நடந்தால் அருகு மெலிந்து திட்டுத்திட்டாகப் போய்விடும்.

இந்தச் சங்கடங்களால்தான் நிறமி தெளிக்கும் முறை பரவியது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல நிறமிகளைப் புல்லில் தெளித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சாயமா, நிறமியா?

கெமிக்கல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும். சாயம் தண்ணீரில் கரையும். நிறமி கரையாது, நுண்ணிய துகளாக மிதக்கும். வெயிலையும் மழையையும் தாங்கி வாரக்கணக்கில் நிற்க வேண்டிய இடத்தில் நிறமிதான் சரி. அதை இலையில் ஒட்டவைக்க, சுவர்ப் பெயிண்டில் இருப்பது போன்ற பாலிமர் பைண்டர் சேர்ப்பார்கள்.

பச்சைக்குப் பெரும்பாலும் பயன்படுவது தாலோசயனின் பச்சை. இந்தக் குடும்பம் தொழிலுக்கு வந்ததே ஒரு விரிசலால்தான். 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில் தாலிமைடு தயாரித்த பாத்திரத்தின் எனாமல் பூச்சு விரிந்து, உள்ளே இருந்த இரும்பு வெளியே தெரிந்தது. சரக்கில் நீலப் பொருள் ஒன்று கலந்து வந்தது. "அழுக்கு" என்று வீசாமல் ஆராய்ந்து பார்த்தார்கள். 1930-களில் லின்ஸ்டெட் என்பவர் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். இரும்புக்குப் பதில் தாமிரம் வைத்த நீலம் 1935-ல் 'மோனஸ்ட்ரல் புளூ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அந்த நீலத்தில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் குளோரினை ஏற்றினால் பச்சை கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பச்சையத்தின் மூலக்கூறில் ஒரு வளையம், நடுவில் மெக்னீசியம், சுற்றிலும் 4 நைட்ரஜன். தாலோசயனினிலும் ஒரு வளையம், நடுவில் தாமிரம், சுற்றிலும் 4 நைட்ரஜன். பங்காளிகள் மாதிரி! ஆனால் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி உணவு சமைக்கும். நிறமி வெளிச்சத்தை வாங்கிச் சூடாக்கும், அவ்வளவுதான். நிறம் ஒன்று, வேலை வேறு.

தெளிக்கும் கணக்கு

டிராக்டரில் கட்டிய பூம் ஸ்பிரேயரில் நாஸில் இடைவெளி 50 செ.மீ., வேகம் மணிக்கு 5 கி.மீ., வேண்டியது ஹெக்டேருக்கு 800 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாஸிலின் ஓட்டம் = 800 × 5 × 0.5 ÷ 600 = நிமிடத்துக்கு 3.33 லிட்டர்.

சரிபார்க்க: 100 மீட்டர் ஓட 72 விநாடி. வண்டியை நிறுத்தி, அதே அழுத்தத்தில் 72 விநாடி ஒரு வாளியில் பிடித்தால் 4 லிட்டர் வர வேண்டும். ஒவ்வொரு நாஸிலையும் இப்படிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

லேபிளில் 1 பங்கு நிறமிக்கு 7 பங்கு தண்ணீர் என்று இருந்தால், 800 லிட்டரில் நிறமி 100 லிட்டர். மேட்டில் ஏறும்போது வேகம் 4 கி.மீ. ஆகக் குறைந்தால், அதே ஓட்டத்தில் ஹெக்டேருக்கு 1,000 லிட்டர் இறங்கிவிடும். 25 சதவீதம் கூடுதல்! பணமும் போகும், மேட்டில் கரும்பச்சைப் பட்டையும் தெரியும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

1. புல் முழுதும் பழுப்பாகும் முன்பே, பாதிப் பச்சை இருக்கும்போது முதல் பூச்சு. வெறும் வைக்கோல் நிறத்தை மூட அதிகம் செலவாகும்.

2. பனித்துளி காய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். தெளித்தது காயும் வரை யாரும் நடக்கக்கூடாது. நடந்தால் ஷூவிலும் பந்திலும் பச்சை ஒட்டும்.

3. எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை ஓட்டினால் இலையின் இரு பக்கமும் மூடும்.

4. காற்று அடித்தால் வேலையை நிறுத்த வேண்டும். நடைபாதை பச்சையானால் கழுவி மாளாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். டேங்க் கழுவிய நீரைக் குளத்தில் விடக்கூடாது.

5. சில நிறமிகளில் மஞ்சள் பகுதி முதலில் வெளுத்து, புல் நீலமாகத் தெரியும். அதனால் முழு மைதானத்துக்கும் வாங்கும் முன் ஒரு மூலையில் தெளித்துச் சில வாரம் பார்ப்பது நல்லது.

10 ஹெக்டேருக்கு ஒரு பூச்சு 8,000 லிட்டர் கலவை. குளிர்காலத்தில் மூன்று பூச்சு என்றாலும் 24,000 லிட்டர். மேலே சொன்ன ஒரு நாள் 5 லட்சம் லிட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயிண்ட் செய்யாத வேலை

தூங்கும் புல் வளராது. எனவே ஆட்டக்காரர் மட்டை பட்டுப் பெயர்ந்த இடமும், வண்டி ஓடித் தேய்ந்த இடமும் வசந்தம் வரை ஆறாது. ஆட்டம் அதிகமுள்ள இடத்துக்கு ரை புல்தான் உதவும்.

அதைவிட முக்கியம், பச்சை பூசிய பிறகு புல் பேசுவது நின்றுவிடுகிறது. வறண்ட காற்றில் காய்ந்தாலும், நோய் வந்தாலும், கடுங்குளிரில் அடிக்கணுவே செத்தாலும் மேலே பச்சைதான் தெரியும். எனவே மண்ணைத் தொட்டு ஈரம் பார்க்க வேண்டும், வறண்டால் தண்ணீர் விட வேண்டும். சந்தேகமான இடத்தில் மண்ணோடு ஒரு துண்டு வெட்டி எடுத்து, சூடான அறையில் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்ப்பார்கள். துளிர் வந்தால் உயிர் உண்டு. பெயிண்ட் அடித்தவருக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம்.

பழுப்பே இருக்கட்டும் என்றவர்களும் உண்டு. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2-ம் எண் மைதானத்தை 2010-11-ல் பழைய முறைக்கு மாற்றியபோது, ரை புல் விதைப்பதை நிறுத்தி, சுமார் 1,150 தெளிப்பு நீர்த் தலைகளை 450 ஆகக் குறைத்தார்கள். ஓரங்கள் மணலும் காட்டுப்புல்லுமாக இருந்த அந்த மைதானத்தில்தான், 2014-ல் ஆண்களுக்கும் பெண்களுக்குமான யு.எஸ். ஓப்பன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன. விளையாட்டு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நமக்கு என்ன?

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். மேலே பூசுவது ஏமாற்று வேலையா? என் கருத்து இதுதான்: உயிருள்ள புல் தூங்கும்போது அதற்குச் சட்டை போடுவது தப்பில்லை, தண்ணீரும் மிச்சம். செத்ததை மறைக்கப் போட்டால் அது பொய்.

சிவில் நண்பர்களே, சுவர் விரிசலுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்குமுன் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, துருவின் மேல் ரெட் ஆக்சைடு அடிக்குமுன் தகடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தட்டிப் பாருங்கள். பூசுவது எளிது. பூசுமுன் அடியில் உயிர் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிற ஆள்தான் டெக்னீஷியன். நாளைக்கு மேலதிகாரி, "முதல்ல பளிச்சுனு ஆக்குப்பா" என்பார். அப்போது, "ஒரு துண்டு வெட்டிப் பார்த்துட்டு அடிக்கிறேன் சார்" என்று சொல்கிற தைரியம் நமக்கு வர வேண்டும்.